மனுவுக்கு வாய்ப்பூட்டு

"என் வாய் பூட்டப்பட்டுவிட்டதா, இல்லையா?"

முழங்கினார் முதியவர். 1836-ஆம் ஆண்டு, மே திங்கள். இடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராம் வாஷிங்டனிலே, பிரதிநிதிகள் சபை. முழங்கியவர் சாமான்யர் அல்லர். 1825 முதல் 1829 வரை அந்நாட்டின் ஆறாவது குடியரசுத் தலைவராக வீற்றிருந்தவர். இரண்டாவது குடியரசுத் தலைவரின் திருமகன். ஜான் குவின்சி ஆடம்ஸ். நாட்டையே ஆண்டவருக்கு வாய்ப்பூட்டா என்று வியக்கிறோம். ஏன் பூட்டினர்? எதைக் கண்டு அஞ்சினர்? வாளைக் கண்டா? வெடிகுண்டைக் கண்டா? இல்லை, தோழர்களே! காகிதத்தைக் கண்டு! ஏழை எளியோர் கையொப்பமிட்டு அனுப்பிய மனுக்களைக் கண்டு!

மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று 1776-இல் பறைசாற்றிப் பிறந்த நாடு அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரகடனத்தைப் பெருமிதத்தோடு போதிக்கிறோம். போதித்துவிட்டு, அடுத்த ஏட்டையும் புரட்ட வேண்டாமா? புரட்டினால் தெரிகிறது: 1830-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி அந்நாட்டிலே 20 லட்சம் பேர் அடிமைகள். 1787-இல் பிலடெல்பியாவிலே கூடி அரசியல் சட்டம் தீட்டிய மேதைகள், 'அடிமை' எனும் சொல்லை அதில் எழுதக் கூசினர். அடிமை முறைக்குக் காவல் வைக்கவோ கூசவில்லை! ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு, அதற்கேற்ப அந்தந்த மாநிலத்துக்குச் சபையிலே இடம் ஒதுக்கினர். எண்ணப்பட்ட தலை அடிமையுடையது. அதனால் கிடைத்த இடமோ ஆண்டையுடையது!

இந்த அநீதியைக் கண்டு உள்ளம் கொதித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களிலே பலருக்கு வாக்கில்லை. பெண்களுக்கு இல்லை. உரிமை பெற்று வாழ்ந்த கறுப்பின மக்களுக்கும் பெரும்பாலான இடங்களில் இல்லை. வாக்கற்றோர் என்ன செய்வது? அவர்களுக்கென ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. குறைகளைக் களையக் கோரி அரசுக்கு மனுச்செய்யும் உரிமையைப் பறிக்கும் சட்டம் எதையும் இயற்றலாகாது என்று 1791-இல் நிறைவேறிய முதல் திருத்தம் கூறிற்று. அந்தக் கதவைத் தட்டினர் அவர்கள்.

1833-இல் பிலடெல்பியாவிலே அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் உருவாயிற்று. ஊர் ஊராய், வீடு வீடாய்ச் சென்று கையொப்பம் திரட்டினர். அப்பணியிலே முன்னின்றோர் பெண்கள். அவர்கள் கேட்டது விண்ணையா? மண்ணையா? தலைநகரிலாவது அடிமை முறையை ஒழியுங்கள் என்றே பெரும்பாலான மனுக்கள் கேட்டன. சுதந்திரம் பேசும் மன்றத்தின் வாயிலருகே, விலங்கிட்ட மனிதரை வணிகர் வரிசையாக ஓட்டிச் சென்ற காலம் அது.

ஆண்டைகள் பொறுப்பார்களா? 1835 ஜூலையில், தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலே ஒரு கும்பல் அஞ்சலகம் புகுந்து, அடிமை ஒழிப்பு ஏடுகளை எடுத்து வந்து தீயிலிட்டது. தெருவிலே தீ வைத்தோரின் நண்பர்கள் மறு ஆண்டு சபையிலே பூட்டுச் செய்தனர். அடிமை முறை பற்றி எந்த மனு வந்தாலும் அச்சிடப்படாது, குழுவுக்கு அனுப்பப்படாது, மேல் நடவடிக்கை ஏதுமின்றி ஒதுக்கி வைக்கப்படும் என்பது தீர்மானம். 1836 மே 26-இல் 117 பேர் ஆதரித்தனர். 68 பேர் எதிர்த்தனர். ஆதரித்தோரிலே வடமாநிலத்தவரும் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. அடிமை வைத்திராதவர்கள், கட்சியின் ஒற்றுமை கருதிக் கை தூக்கினார்கள்!

அரசியல் சட்டத்துக்கும், சபையின் விதிகளுக்கும், தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் உரிமைக்கும் முரணானது இத்தீர்மானம் என்று எழுந்து நின்று கூறினார் ஆடம்ஸ். அவரைப் பிறவிப் புரட்சிக்காரராக்கிப் பூமாலை சூட்ட நாம் முற்படவில்லை. 1831-இல் முதன்முதலாக இத்தகைய மனுக்களை அளித்தபோது, தலைநகரில் அடிமை முறையை ஒழிப்பதைத் தாம் ஆதரிக்கவில்லை என்றே சொன்னவர் அவர். மனுவின் கருத்தை ஏற்காதபோதும், அதைக் கேட்டாக வேண்டும் என்ற கடமையை ஏற்றார். அந்தக் கடமைக்குத் தடை வந்தபோதுதான் களத்திலே இறங்கினார்.

அதன் பின் ஓயவில்லை அவர். 1837 பிப்ரவரியில் ஒரு நாள், "அடிமைகள் 22 பேர் அனுப்பியதாகச் சொல்லப்படும் மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, தீர்மானம் இதற்குப் பொருந்துமா?" என்று சபைத் தலைவரைக் கேட்டார். கொந்தளித்தது சபை! கண்டனம் செய்க, வெளியேற்றுக என்று கூச்சல்! முழக்கமெல்லாம் முற்றிய பிறகு அமைதியாகச் சொன்னார்: அடிமை முறையை ஒழிக்கக் கூடாது என்று கேட்கும் மனுவாம் அது! நகைப்புக்கு ஆளாயினர் நாட்டாண்மைக்காரர்கள்.

1838-இல் மேரிலாந்து உறுப்பினர் ஒருவர், பெண்கள் வீட்டுக் கடமையை விட்டு அரசியலுக்கு மனுப் போடுவது பெண்மைக்கே இழுக்கு என்றார். பெண்ணுக்கு அடுப்பங்கரையைத் தவிர வேறு உலகமே இல்லை என்று எந்த வரலாறு சொல்கிறது என்று திருப்பிக் கேட்டு, நாள்கணக்கிலே விடையளித்தார் ஆடம்ஸ். அதே ஆண்டு பிப்ரவரியில், மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன்னே மனுக்களை ஆதரித்துப் பேசினார் ஆஞ்செலினா கிரிம்கே எனும் மங்கை. ஏடுகளை எரித்த அதே சார்ல்ஸ்டனிலே, அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திலே பிறந்தவர் அவர்!

1840-இல் பூட்டை இன்னும் இறுக்கினர். அதுவரை தொடர்தோறும் புதுப்பித்துவந்த தீர்மானத்தை நிலையான விதியாக்கி, மனுக்களைப் பெறவே மறுத்தனர். 1842-இல் ஆடம்ஸ் மீதே கண்டனத் தீர்மானம் கொண்டு வந்தனர். எழுபத்து நான்கு வயது முதியவர், சுதந்திரப் பிரகடனத்தின் முதற்பகுதியைப் படிக்கச் சொன்னார். குற்றம் சாட்டியோரையே குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தினார். இரு வாரங்களில் தீர்மானத்தைக் கைவிட்டனர். அடுத்த மாதமே ஒஹாயோ உறுப்பினர் ஜோஷுவா கிடிங்ஸ் கண்டிக்கப்பட்டார், பதவி துறந்தார், தொகுதி மக்களோ அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்!

பூட்டினால் என்ன ஆயிற்று? அடிமையைப் பற்றிக் கவலைப்படாதவனும், தன் மனு குப்பைக்குப் போவதைக் கண்டு கவலைப்பட்டான். கறுப்பனுக்கு இட்ட விலங்கு வெள்ளையனின் வாய்க்கும் வந்துவிட்டது என்று உணர்ந்தான். வடமாநில உறுப்பினர்கள், வாக்காளரின் முகத்திலே விழிக்க அஞ்சத் தொடங்கினர். 1844 டிசம்பர் 3-இல், 108-க்கு 80 என்ற கணக்கிலே பூட்டு உடைந்தது.

உடைந்ததும் விலங்கு அறுந்ததா? இல்லை. மனுக்கள் கேட்டதைத் தலைநகர் பெற 1862 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் பெற 1865 வரை, ஓர் உள்நாட்டுப் போரின் குருதியைக் கடந்து. 1848-இல் அந்த மாமன்றக் கட்டடத்திலேயே உயிர் நீத்த ஆடம்ஸ் அதைக் காணவில்லை. கையொப்பம் திரட்டிய பெண்களுக்கு, நாடு தழுவிய வாக்குரிமையை அரசியல் சட்டம் 1920-இல்தான் அளித்தது. அவர்களிலே எத்தனை பேர் அதைக் காண உயிரோடிருந்திருப்பார்கள்?

ஆடம்சின் பெயர் வரலாற்றிலே இருக்கிறது. கொட்டும் பனியிலே கதவு கதவாய்த் தட்டி, ஏசியவர் வீட்டுக்கும் மறுமுறை சென்று, ஒவ்வொரு பெயராகச் சேர்த்தவர்களை எண்ணிப் பார்க்கிறோம். படிக்காமலே ஒதுக்கப்படும் என்று தெரிந்தும் அடுத்த மனுவை எழுதினார்களே, அவர்கள் இல்லையேல் ஆடம்சின் கையிலே என்ன இருந்திருக்கும்? நம் ஊரிலும், வாசிப்பார் இல்லை என்று சோர்ந்து பேனாவைக் கீழே வைக்கும் இளைஞர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம்: பேனாவை எடுங்கள், அடுத்த பெயரை எழுதுங்கள்!