வீட்டுக்குள் வந்துவிட்ட வேலை

1941-ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி வேண்டும் என்பதும்கூட இருந்தன. அந்தச் சைக்கிள் கதையை இன்றும் பலர் சொல்வதுண்டு. அதே பட்டியலில் இருந்த இன்னொரு கோரிக்கையை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று நீளும் வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பதுதான் அது.

நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். கொஞ்சம் ஓய்வு கேட்டதற்கும் சேர்த்துக் கிடைத்த பதில் அது.

ஆனாலும் அந்தத் தொழிலாளிக்கு ஒரு வசதி இருந்தது. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்து லயத்துக்குத் திரும்பினால் கத்தி ஒரு மூலையில் கிடக்கும். ரப்பர் மரம் இரவில் கூப்பிடாது. லயமும் தோட்டத்துக்குள்தான் இருந்தது, கங்காணி வந்து கதவைத் தட்டலாம். ஆனால் தட்டுவதற்கு அவர் நடந்து வர வேண்டும்!

எட்டு மணி நேர வேலை என்பது அதற்கு முன்பே உலகெங்கும் பேசப்பட்ட விஷயம். 1856-இல் மெல்பர்னில் கல்தச்சர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலம் போய் அதைப் பெற்றார்கள். 1886-இல் சிக்காகோவில் அதற்காக ரத்தம் சிந்தியது. அதன் நினைவான மே தினத்தை 1923-இல் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். இடையே 1919-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தன் முதல் ஒப்பந்தத்திலேயே ஆலைகளுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. மலாயாவில் 1955-இன் வேலைச் சட்டம் வாரம் ஒரு நாள் ஓய்வைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் அரசாங்க ஊழியர்களுக்கு 2004-இலும், மலேசிய அரசாங்க ஊழியர்களுக்கு 2005 ஜூலையிலும் ஐந்து நாள் வேலை வாரம் வந்தது. சனிக்கிழமை அலுவலகக் கதவு பூட்டப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டுகளில்தான் அலுவலகம் சட்டைப் பைக்குள் குடியேறிக்கொண்டிருந்தது. 1999-இல் சந்தைக்கு வந்த பிளேக்பெரி கருவி மின்னஞ்சலைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தது. அதைக் கீழே வைக்க முடியாமல் தவித்தவர்களைப் பார்த்து, ஒரு போதைப்பொருளின் பெயரையும் சேர்த்து "கிராக்பெரி" என்று கேலி செய்தார்கள். 2006-இல் அமெரிக்க அகராதி ஒன்று அதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. கேலி பேசியவர்களின் கையிலும் இன்று ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது.

இந்த வரலாற்றில் திருப்பத்தை உண்டாக்கியவர் பிரான்சில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். மதியம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை அவருக்கு இடைவேளை. அந்த நேரத்தில் நிறுவனம் மூன்று முறை அவரை அழைத்தது. அழைத்தது அவருடைய சொந்தக் கைத்தொலைபேசிக்கு. அவர் கிடைக்கவில்லை. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலை நேரத்துக்கு வெளியே சொந்தத் தொலைபேசியில் கிடைக்காமல் போனது குற்றமாகாது என்று 2004 பிப்ரவரி 17-இல் தீர்ப்பு வந்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநரே இப்படிச் செய்தால் நோயாளியின் கதி என்ன என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அவசரத்துக்கு ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டுமென்றால், அந்தத் தயார் நிலைக்கும் சம்பளம் கொடுத்து, முறை போட்டு ஆளை வைக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவரின் தட்டிலிருந்து அந்த நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும்?

பிறகு ஜெர்மனியில் நடந்தது இன்னும் சுவையானது. 2011-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் ஊழியர் மன்றத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. வேலை நேரம் முடிந்து அரை மணி நேரத்தில் ஊழியர்களின் பிளேக்பெரிக்கு மின்னஞ்சல் போவதை நிறுவனத்தின் கணினியே நிறுத்திவிடும். மறுநாள் வேலை தொடங்க அரை மணி இருக்கும்போதுதான் மீண்டும் திறக்கும். சுமார் 1,150 பேருக்கு இந்த ஏற்பாடு. மேல்மட்ட நிர்வாகிகளுக்கு மட்டும் கிடையாது, பாவம். 2014-இல் டைம்லர் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. விடுமுறையில் இருக்கும் ஊழியர் விரும்பினால், அவருக்கு வரும் மின்னஞ்சல்கள் தாமாகவே அழிந்துவிடும். அனுப்பியவருக்கு, "உங்கள் மடல் அழிக்கப்பட்டது, அவசரமென்றால் இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்ற வகையில் பதில் போகும். விடுமுறை முடிந்து வந்து நூற்றுக்கணக்கான மடல்களின் முன்னால் உட்காருபவருக்கு, எடுத்த ஓய்வெல்லாம் முதல் நாள் காலையிலேயே கரைந்துவிடும் என்பதை யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஓய்வு என்றால் சும்மா படுத்திருப்பது என்ற எண்ணமும் சரியில்லை. 1998-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வு, ராணுவத்தின் ரிசர்வ் பணிக்கு அழைக்கப்பட்ட ஊழியர்களை, அழைக்கப்படாமல் வேலையில் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டது. ராணுவப் பணி சொகுசான விடுமுறையா என்ன? ஆனாலும் போய்த் திரும்பியவர்களின் மன அழுத்தமும் களைப்பும் குறைந்திருந்தன. வழக்கமான வேலையிலிருந்து மனம் எந்த அளவுக்கு விலகியதோ, அந்த அளவுக்குப் பலன் கூடியது. அப்படியென்றால், கேமரன் மலைக்குப் போயும் வாட்ஸ்அப்பில் மேலாளருக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவர் ஊர் மாறியிருக்கிறாரே தவிர வேலையை விட்டு விலகவில்லை.

2017 ஜனவரி 1 முதல் பிரான்சில் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களுடன் பேச வேண்டும் என்பது சட்டமானது. 2021-இல் போர்த்துகல், வேலை நேரத்துக்குப் பின் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இந்த உரிமை வந்தது. மலேசியாவில் 2023 ஜனவரியில் வேலை வாரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. குறைந்த அந்த மூன்று மணி நேரத்தை இரவு பத்து மணிக்கு வரும் குறுஞ்செய்திகள் ஒரே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும். சட்டத்தைப் படித்துவிட்டுச் செய்தி அனுப்புவோர் எத்தனை பேர்?

வேலை செய்யும் இடத்திலேயே வாழ்பவர்களை இந்தப் பேச்சில் பலர் மறந்துவிடுகிறார்கள். அன்று லயத்தில் இருந்தவர்களைப் போல, இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் இல்லப் பணிப்பெண்கள். இவர்களைக் கூப்பிடத் தொலைபேசிகூட வேண்டாம், சமையலறையிலிருந்து ஒரு குரல் போதும். சிங்கப்பூரில் இவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பணிப்பெண் சம்மதித்தால் அந்த நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம் என்ற வழியும் கூடவே இருந்தது. இதில் மாற்றம் வர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. அந்த ஒரு நாள் அவர்களுக்குக் கட்டாயம் கிடைத்தாக வேண்டும்.