ஈரானும் ஒரு அல்ஜீயர்ஸ் சந்திப்பும்

போன வாரம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "ஈரான்ல மதத் தலைவர் சொல்றதுதான் சட்டம். அங்க ஏது சார் கோஷ்டி?"

இருக்கு சார், ஆரம்பத்திலிருந்தே.

1979 பிப்ரவரியில் கொமேனி பிரதமராக நியமித்த பஜர்கான் பிரான்சில் படித்த இன்ஜினியர். அமெரிக்காவோடு ஒரேயடியாக முறித்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தவர். நவம்பர் 1 அன்று அல்ஜீயர்ஸில் கார்ட்டரின் ஆலோசகர் பிரசின்ஸ்கியைச் சந்தித்தார். அவ்வளவுதான். 4ஆம் தேதி மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். கொமேனி அவர்கள் பக்கம் நின்றார். 6ஆம் தேதி பஜர்கான் வீட்டுக்குப் போனார். அந்த அலையிலேயே, டிசம்பரில், மதத் தலைவருக்கு உச்ச அதிகாரம் தரும் அரசியல் சட்டமும் நிறைவேறியது. அடி அமெரிக்காவுக்கு, பலன் உள்ளூர்க் கோஷ்டிக்கு!

வங்கிக்காரன் கணக்கு பார்க்காமல் இருப்பேனா? கார்ட்டர் ஈரானின் சொத்துகளை முடக்கினார். 52 பேரை 444 நாள் வைத்திருந்து, 1981 ஜனவரியில் விட்டபோது வந்த பணத்தில் சுமார் 367 கோடி டாலர் வங்கிக் கடனுக்கே போனது. ஈரான் கைக்கு உடனே வந்தது 300 கோடிக்கும் குறைவு.

தூதரகத்தைப் பிடித்த மாணவர் தலைவர்களில் ஒருவர் அப்பாஸ் அப்தி. பின்னாளில் சீர்திருத்தவாதி ஆனார். 1998இல் பாரிஸில் பழைய பணயக்கைதி ஒருவரைச் சந்தித்துப் பேசினார். அமெரிக்காவோடு பேசலாம் என்று பெரும்பான்மை மக்கள் சொன்னதாக ஒரு கருத்துக்கணிப்பு வெளிவர, 2002 நவம்பரில் அவரையே சிறையில் போட்டார்கள்.

பஜர்கானுக்குப் பதவி போனதும் இதே பேச்சுக்காகத்தானே!