பிம் - ஐம்பது வயசுப் புதுமை

வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருத்தர் டை கட்டிக்கொண்டு எங்கள் புனே ஆபீசுக்கு வந்து, புரொஜெக்டரைப் போட்டு, பிம்தான் எதிர்காலம் என்று ஆரம்பிப்பார். சமோசா நன்றாக இருக்கும் என்பதால் நானும் போய் உட்காருவேன். ஆனால் அவர் எதிர்காலம் என்று சொல்கிற சமாசாரத்துக்கு வயசு ஐம்பது தாண்டிவிட்டது. அந்தப் பழங்கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பிம் என்றால் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். கட்டடத்தைக் கோடு கோடாக வரைவதற்குப் பதில், கணினிக்குள் முழுக் கட்டடத்தையே கட்டிவிடுவது. அங்கே சுவர் என்பது இரண்டு இணைகோடு இல்லை. உயரம், கனம், செங்கல்லா பிளாக்கா என்ற விவரம் எல்லாம் தெரிந்த சுவர். பிளான், எலிவேஷன், செக்ஷன் எல்லாவற்றையும் அதிலிருந்து உருவிக்கொள்ளலாம். சுவரை ஓர் அடி நகர்த்தினால் எல்லாப் படத்திலும் நகரும்.

இது என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு, இது இல்லாத காலத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோயமுத்தூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆபீசில் ட்ரேசிங் ஷீட்டும் ரோட்ரிங் பேனாவும்தான். தப்பான கோட்டை பிளேடால் சுரண்டி எடுக்கவேண்டும். ரொம்பச் சுரண்டினால் ஷீட் ஓட்டையாகிவிடும். பிறகு அம்மோனியா பிரிண்ட். அந்த ரூமுக்குள் போய்விட்டு வந்தால் அரை நாளைக்கு மூக்கில் வேறு எந்த வாசனையும் ஏறாது. ஒரு தூணின் அளவை மாற்றினால் அது எந்தெந்த ஷீட்டில் இருக்கிறது என்பது சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் ஞாபகத்தில்தான் இருந்தது. அவர் லீவு போட்டால் அன்றைக்கு ரிவிஷன் கிடையாது.

இந்த ஊருக்கு வந்தபிறகு ஒரு கட்டட வேலையில் பார்த்தேன் (பேர் வேண்டாம்). ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் பீமின் ஆழம் 750 மில்லிமீட்டர். ஆர்க்கிடெக்டின் செக்ஷனில் அதே பீம் 600. ஏ.சி. டக்ட் போடுகிறவர்கள் ஆர்க்கிடெக்டின் படத்தைப் பார்த்து டக்ட் செய்து கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் கையெழுத்துப் போட்ட படம் இருந்தது. எல்லோரும் அவரவர் படத்தின்படி சரி. கடைசியில் ஃபால்ஸ் சீலிங் கீழே இறங்கியது. அந்தத் தளத்தில் இன்றைக்கும் கொஞ்சம் உயரமானவர்கள் தலையைக் குனிந்துதான் நிற்பார்கள் :-)

இந்த வியாதியின் வேர் எங்கே என்று 1970களிலேயே சொன்னவர் சார்லஸ் ஈஸ்ட்மன். ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் வந்தவர். பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவருடைய வாதம் ரொம்ப எளிமை. முப்பரிமாணப் பொருளைக் காகிதத்தில் காட்டக் குறைந்தது இரண்டு படம் வேண்டும். இரண்டு படம் என்றாலே ஏதோ ஓர் அளவு இரண்டு இடத்தில் வந்தே தீரும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதினால் என்றைக்காவது ஒன்று மாறும், மற்றது மாறாது. குற்றம் டிராஃப்ட்ஸ்மேன் மேல் இல்லை, படம் என்கிற வடிவத்தின் மேலேயே.

அவர் செய்த புரோகிராமின் பெயர் பில்டிங் டிஸ்கிரிப்ஷன் சிஸ்டம். 1975-ல் அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கத்தின் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். மாற்றத்தை ஓர் இடத்தில் செய்தால் போதும், எல்லாப் படமும் தானாக ஒத்துப்போகும். பொருள் அளவும் செலவுக் கணக்கும் அதிலிருந்தே வரும். கட்டட விதிகளுக்கு உட்பட்டதா என்று நகராட்சி ஆபீசிலேயே கணினி சரிபார்க்கலாம். இன்றைக்கு நம் டை கட்டியவர் காட்டும் ஸ்லைடில் இதைத் தாண்டி அதிகம் ஒன்றும் இல்லை. நகராட்சி சமாசாரம் மட்டும்தான் ரொம்ப லேட். சிங்கப்பூரில் 2015-க்குள் ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேலான கட்டடங்களை மாடலாகவே சமர்ப்பிக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். நம் மாநகராட்சிகளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

ஈஸ்ட்மனின் தொல்லை என்னவென்றால், அவர் புரோகிராம் ஓடிய பி.டி.பி.-10 கணினி அறையளவு பெரிசு. பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்படியாகும், நாலு பேர் வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு ஆகாது. (இதற்கும் முன்னால் 1963-லேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ஸ்கெட்ச்பேட் என்று செய்து, மூல வடிவத்தை மாற்றினால் அதன் நகல்களெல்லாம் மாறுவதைக் காட்டியிருந்தார். அதைத் தனிப் பதிவாகத்தான் எழுதவேண்டும்.) இங்கிலாந்திலும் ஆக்ஸ்ஃபோர்டு பகுதி மருத்துவமனைகளுக்காக ஆக்ஸிஸ் என்று ஒன்று, பிறகு ரூகேப்ஸ் என்று ஒன்று. இந்த ரூகேப்ஸை 1980களில் ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாம் முனைய வேலைக்குக்கூடப் பயன்படுத்தினார்கள்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் ஹங்கேரி.

இரும்புத் திரை இருந்த காலம். கம்யூனிச நாடுகளுக்கு நல்ல கணினி விற்கக்கூடாது என்று மேற்கு நாடுகள் தடை போட்டிருந்தன. 1982-ல் ஹங்கேரி அரசு சின்னச் சின்னத் தனியார் கூட்டுகளை அனுமதிக்க ஆரம்பித்தது. காபோர் போயார் என்ற இயற்பியல்காரர் வேலையை விட்டுவிட்டு கிராஃபிசாஃப்ட் தொடங்கினார். ஆரம்ப வேலையே பாக்ஷ் அணுமின் நிலையத்தின் குழாய்களை முப்பரிமாணத்தில் காட்டுவது. பெரிய கணினி கிடைக்காது. அதனால் சின்னக் கணினியிலேயே ஓடுகிற மாதிரி எழுதவேண்டிய கட்டாயம். மேற்கில் வசதியானவர்கள் பெரிய கணினிக்காக எழுதிக்கொண்டிருந்தபோது, இவர்கள் வேறு வழியில்லாமல் சிக்கனமாக எழுதினார்கள். கொஞ்ச நாளிலேயே உலகம் முழுக்க மேஜைமேல் வைக்கும் கணினி வந்தது. அதில் ஓடக்கூடிய சரக்கு யாரிடம் தயாராக இருந்தது? தடை போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1984-ல் ஆப்பிளின் லிசா கணினிக்கு அவர்கள் ஒரு புரோகிராம் செய்தார்கள். ஜெர்மனியில் ஹானோவர் கண்காட்சியில் அதைப் பார்த்த ஆப்பிள், கணினியும் காசும் கொடுத்து உதவியது. அதற்கெல்லாம் முன்னால் எல்லை தாண்டிக் கணினி கடத்திய கதைகளும் உண்டு. 1987-ல் வந்த ஆர்க்கிகேட் ‘மெய்நிகர் கட்டடம்’ என்ற பெயரில் இதே பிம் யோசனையைத்தான் விற்றது. போயார் நன்றி மறக்காதவர். ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்த 2011-ம் வருஷ டிசம்பரில் புடாபெஸ்டில் கிராஃபிசாஃப்ட் வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார். 2007-ல் கம்பெனி ஜெர்மனியின் நெமெட்ஷெக் கைக்குப் போய்விட்டது. சிலை அங்கேயே நிற்கிறது.

இவ்வளவு நல்ல யோசனை 1987-லேயே மேஜைக் கணினிக்கு வந்துவிட்டது என்றால், நாமெல்லாம் ஏன் ஆட்டோகேட் கோர்ஸ் படித்தோம்?

ஆட்டோகேட் வந்தது 1982-ல். அது மின்சார ட்ரேசிங் ஷீட். கோடு, வட்டம், லேயர். டிராஃப்ட்ஸ்மேன் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். பிளேடு வேலை மிச்சம். ஆனால் பிளானில் உள்ள பீமுக்கும் செக்ஷனில் உள்ள பீமுக்கும் உறவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மேலே சொன்ன 750, 600 தகராறு ஆட்டோகேடில் போட்ட படங்களில்தான் நடந்தது. ஆனால் ஆபீஸ்கள் காசு வாங்கியது படத்துக்கு, நகராட்சி கேட்டது படம், கோர்ட்டில் செல்லுபடியாவதும் படம். படத்தை வேகமாகப் போட்டுத் தருகிறவன் ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. பிம்முக்கோ யோசிக்கும் வேலையை முன்னாலேயே செய்யவேண்டும். சுவர் எவ்வளவு கனம் என்று தெரியாமல் இரண்டு கோடு இழுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே சுலபமாகத் தப்பிக்க முடியாது.

அடுத்த திருப்பம் இயந்திரப் பகுதிகள் வடிவமைக்கும் சாஃப்ட்வேர் பக்கத்திலிருந்து. பி.டி.சி. என்ற கம்பெனியின் புரோ-எஞ்சினியரில் ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்ததெல்லாம் மாறும். அங்கே வேலை பார்த்த லியோனிட் ரேஸ், இர்வின் ஜங்ரீஸ் என்ற இரண்டு பேர் 1997-ல் வெளியே வந்து, அதையே கட்டடத்துக்குச் செய்தார்கள். 2000-ல் ரெவிட் வெளிவந்தது. 2002-ல் ஆட்டோடெஸ்க் அதை 133 மில்லியன் டாலருக்கு வாங்கியது. கோட்டை விற்றுப் பெரிய ஆளானவர்களே, கோட்டுக்கு அடுத்து என்ன என்பதையும் வாங்கிக்கொண்டார்கள். ‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடல்’ என்ற சொற்றொடர் 1992-லேயே இரண்டு டச்சு ஆராய்ச்சியாளர்களின் கட்டுரையில் இருக்கிறது. ஆட்டோடெஸ்க் அந்தப் பேரை எடுத்துக்கொண்டதும், ஜெர்ரி லைசரின் என்ற அமெரிக்க விமர்சகர் 2002 வாக்கில் எல்லோரும் இதே பேரைச் சொல்வோம் என்று வாதாடியதும்தான் அதை நிலைக்க வைத்தன.

சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் பேச்சுவார்த்தை இல்லாதது வேறு தலைவலி. ரெவிட்டில் புதுப் பதிப்பில் சேமித்த ஃபைலை அதன் பழைய பதிப்பிலேயே திறக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஐ.எஃப்.சி. வடிவத்துக்கான முயற்சி 1990களின் நடுவில் ஆரம்பித்து 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமாக நிலைபெற்றது. போகும், வரும். கொஞ்சம் வழியில் உதிரும். 2016-லிருந்து அரசுக் கட்டடங்களுக்கு பிம் கட்டாயம் என்று பிரிட்டன் சொன்னது. நம் பக்கத்து நாக்பூர் மெட்ரோவில் காலத்தையும் செலவையும் மாடலோடு கட்டி 5டி பிம் என்று நடத்தினார்கள்.

இனி என் பிழைப்பு. நான் ஸ்டீல் டீடெயிலிங் ஆசாமி. அமெரிக்காவில் எழும்பப்போகும் கட்டடத்தின் இரும்புத் தூண், உத்திரம், அவற்றைச் சேர்க்கும் போல்ட், வெல்டு எல்லாவற்றையும் மாடல் செய்து, அங்கே உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு ஷாப் டிராயிங் அனுப்புகிற வேலை. புனே, சென்னை, கோவை, ஹைதராபாத் என்று இந்தியா முழுக்க இதில் ஆட்கள் இருக்கிறோம். எங்களில் பலருக்குச் சோறு போடும் சாஃப்ட்வேர் டெக்லா. 1966-ல் ஃபின்லாந்தில் தொடங்கிய கம்பெனி. 1990களில் எக்ஸ்ஸ்டீல், 2004-லிருந்து டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ், 2011-லிருந்து டிரிம்பிள் கம்பெனியின் சொத்து. போல்ட் ஓட்டைகூட மாடலில் இருக்கும். ஓட்டை ஒத்துவராமல் தளத்தில் கேஸ் கட்டர் எடுத்த காலம் ஏறக்குறைய மலையேறிவிட்டது. இதை நான் முழு மனசோடு சொல்கிறேன்.

ஆனால் எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்வது 1981 ஜூலை 17, கான்சாஸ் சிட்டி ஹயட் ரீஜன்சி ஹோட்டல் கதை.

லாபியின் உயரத்தில் நடைபாலங்கள். நாலாம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். மூல வடிவமைப்பில், கூரையிலிருந்து தொங்கும் ஒரே நீளக் கம்பி நாலாம் மாடிப் பாலத்தின் உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் மாடி வரை போகவேண்டும். அவ்வளவு நீளக் கம்பியில் நடுவில் நட் ஏற்றவேண்டுமென்றால் கீழ்ப்பாதி முழுக்க மரை வெட்டவேண்டும். கஷ்டம். ஷாப் டிராயிங்கில் அது இரண்டு கம்பியானது: கூரையிலிருந்து நாலாம் மாடி வரை ஒன்று, நாலாம் மாடி உத்திரத்திலிருந்து இரண்டாம் மாடி வரை இன்னொன்று. கயிற்றில் இரண்டு பேர் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்திருந்தால் அவரவர் எடை அவரவர் கையில். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவர் காலைப் பிடித்தால், மேலே இருப்பவர் பிடியில் இரண்டு பேர் எடை. நாலாம் மாடி உத்திரத்தின் அடியிலிருந்த நட்டுக்கு அதுதான் நடந்தது. சுமை இரட்டிப்பு. விசாரணையில் மூல வடிவமைப்பே விதிப்படி தாங்கவேண்டியதில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்று தெரிந்தது.

அன்று மாலை லாபியில் நடன நிகழ்ச்சி. பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். அந்த ஷாப் டிராயிங்கில் பொறியாளர் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. பொறுப்பான பொறியாளர்கள் மிசூரியில் உரிமத்தை இழந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளை டெக்லாவில் அந்த ஜாயிண்டை மாடல் செய்யச் சொல்வேன். முதலில் ஒரு கம்பி, பிறகு இரண்டு கம்பி. கிளாஷ் செக் ஓட்டச் சொல்வேன். இரண்டிலும் ஒரு பிழையும் வராது. இரண்டு கம்பியும் கச்சிதமாகப் பொருந்தும். ஈஸ்ட்மன் தீர்த்தது ஒரு விஷயம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும் தொல்லையை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் கிளாஷ் செக் என்ன செய்யும்? கணக்குப் போடும் சாஃப்ட்வேரை மாடலோடு இணைக்கலாம், இணைக்கிறோம். ஆனால் அந்த ஜாயிண்டுக்குக் கணக்குப் போடவேண்டும் என்று யாருக்காவது தோன்றவேண்டுமே.

ஈஸ்ட்மன் 2020-ல் காலமானார். கடைசிக் காலத்தில் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கில் இருந்தார். அவரும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய பிம் கையேடு எங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. பெரும்பாலும் மானிட்டரை உயர்த்தி வைக்கத்தான் பயன்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எங்கள் கையில் ஒரு கிடங்குக் கட்டடம். அதில் ஒரு தொங்கு மேடையின் ஜாயிண்டை ஒர்க்‌ஷாப்காரர்கள் கொஞ்சம் மாற்றிக்கொடுக்கச் சொன்னார்கள், வெல்டு செய்யச் சுலபமாக இருக்குமாம். அங்கே உள்ள பொறியாளருக்கு ஆர்.எஃப்.ஐ. போட்டு பதினோரு நாள் ஆகிறது, பதில் இல்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து தினம் ஒரு மெயில். மாடலில் அந்த ஜாயிண்டுக்கு மட்டும் சிவப்புக் கலர் கொடுத்து, டிராயிங்கை வெளியே விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.