ஏட்டிலே உரிமை, வீட்டிலே?

உரிமை! மூன்றே எழுத்துகள். அந்த மூன்றெழுத்தை ஏட்டிலே பொறிக்க மாந்தர் சிந்திய குருதி கொஞ்சமல்ல. பொறித்ததை ஏழையின் வாசற்படி வரை கொண்டுவந்து சேர்க்கச் சிந்திய கண்ணீரோ அதனினும் அதிகம்.

"அமெரிக்காவைப் பாரீர், அங்கே குடிமகனுக்கு எத்தனை உரிமை!" என்று வியப்போர் நம்மிடையே உண்டு. வியக்கட்டும், ஆனால் அவ்வுரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதனையும் அறியட்டும். 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிலே கூடி அரசியல் சட்டம் தீட்டிய தலைவர்கள், குடிமக்களின் உரிமைப் பட்டியலை அதிலே சேர்த்தாரில்லை. எதிர்ப்பு எழுந்தது; பட்டியல் வேண்டும் என்ற குரல் மாநிலந்தோறும் ஒலித்தது. 1789இல் மாடிசன் திருத்தங்களைக் கொண்டுவந்தார். 1791 டிசம்பர் 15ஆம் நாள் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. பேசவும் எழுதவும் கூடவும் உரிமை, விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமை ஆகியன முதல் திருத்தத்திலே இடம்பெற்றன. நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது நான்காம் திருத்தத்தை. தக்க காரணமின்றி, இன்ன இடம் இன்ன பொருள் என்று குறித்த ஆணையின்றி, குடிமகன் வீட்டிலே சோதனை கூடாது என்பதே அதன் சாரம்.

இப்படியொரு விதி ஏன் பிறந்தது? பிரிட்டிஷ் ஆட்சியிலே, கடத்தற் சரக்கைத் தேடுவதற்கெனச் சுங்க அதிகாரிகள் கையிலே பொது ஆணை ஒன்று தரப்பட்டிருந்தது. எவர் வீடு, எந்தப் பொருள் என்று அதிலே குறிக்க வேண்டுவதில்லை. ஐயமே போதும், கதவு உடையும். 1761இல் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர் பாஸ்டன் நீதிமன்றத்திலே அதனை எதிர்த்து வாதாடினார், தோற்றார். ஆனால் அன்று தோற்ற வாதம் முப்பதாண்டுகளில் சட்டமாயிற்று!

அந்தச் சட்டமும் எல்லோருக்கும் வேலியாக நின்றதா? இல்லை. அடிமைப்பட்ட கறுப்பின மக்களுக்கு அது வேலியாகவில்லை. அவர்கள் குடிமக்களே அல்லர் என்று 1857இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே தீர்ப்புரைத்தது. உள்நாட்டுப் போர் மூண்டு, 1865இல் அடிமை முறை ஒழிந்து, 1868இல் பதினான்காம் திருத்தம் வந்த பின்னரே ஏட்டளவிலேனும் அவர்களுக்குக் குடியுரிமை கிட்டிற்று. உரிமை ஏட்டிலே இருப்பது வேறு, எளியோன் கைக்கு எட்டுவது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950 சனவரி 26 முதல் நமக்கும் அடிப்படை உரிமைகள் உண்டு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது 14ஆம் பிரிவு. சட்டம் வகுத்த முறையின்றி எவர் உயிரையும் உரிமையையும் பறிக்கலாகாது என்கிறது 21ஆம் பிரிவு. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் கூற வேண்டும், 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. ஆனால் அமெரிக்காவின் நான்காம் திருத்தம் போன்றதொரு விதி நம் அரசியல் சட்டத்தில் இல்லை. 1954இல் எம்.பி.சர்மா வழக்கிலே உச்சநீதிமன்றம் இதனையே எடுத்துரைத்தது. 2017இல் புட்டசாமி வழக்கிலே ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்க உரிமையும் அடிப்படை உரிமையே என்று முழங்கிய பிறகே அந்தக் குறை பெருமளவு நீங்கிற்று.

இந்த ஏட்டுச் சொற்கள் தருமபுரி மாவட்டத்து மலையடிவாரத்திலே எப்படி மதிக்கப்பட்டன? வத்தல்மலையிலே சாமையும் காப்பியும் விளைவிக்கும் மக்கள் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். அதே குடியினர், அதே மாவட்டத்திலே, சித்தேரி மலையின் அடிவாரத்திலே வாழும் சிற்றூர் வாச்சாத்தி.

1992 சூன் 20. சந்தன மரக் கடத்தலைத் தடுக்கச் சோதனை என்ற பெயரால் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். கடத்தலைத் தடுப்பது அரசின் கடமையே, நாம் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது சோதனையா? ஊராரை ஆலமரத்தடியிலே திரட்டி அடித்தனர். வீடுகளைச் சிதைத்தனர், தானியத்தைப் பாழாக்கினர், ஆடு கோழிகளைக் கொன்று தின்றனர், குடிநீர்க் கிணற்றிலே எண்ணெயைக் கொட்டினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்; சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டுச் சிறையிலே அடைக்கப்பட்டனர்.

பெண்ணைச் சோதிப்பதாயின் பெண்ணே சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியத்தோடு என்று அன்று நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாகவே கூறிற்று. அந்தச் சட்டத்தைக் காக்கச் சம்பளம் பெற்றவர்களே அதனைக் காலடியிலிட்டு மிதித்தனர்!

பின் என்ன ஆயிற்று? மலைவாழ் மக்கள் சங்கத்தார் செய்தியை வெளிக்கொணர்ந்தனர். அதிகாரிகள் மறுத்தனர். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ.நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் சார்பிலே அதிகாரி பாமதி நேரிலே சென்று ஆராய்ந்து, கொடுமை நடந்தது உண்மையே என்று அறிக்கை தந்தார். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர்!

2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள்! வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றோர் 17 பேர். அவர்கள் மேல்முறையீடு செய்தனர். உயர்நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சிலே அவ்வூருக்கே சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதிலே பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் ஆணையிட்டார். அந்நாளில் மாவட்டத்தின் உயர் பொறுப்பிலிருந்த ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தார்.

முப்பத்தோராண்டுகள்! ஓட்டிஸின் வாதம் ஒரு நாட்டின் சட்டமாக மாறுவதற்கு ஆன காலம் முப்பதாண்டு. இங்கே, ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட உரிமை ஒரு சிற்றூருக்கு வந்து சேரவே முப்பத்தோராண்டு! நீதிக்குக் காத்திருந்தே மூப்பெய்தினோர் உண்டு. தீர்ப்பைக் கேளாமலே மறைந்தோரும் உண்டு.

"எல்லாம் விதி" என்று அப்பெண்கள் ஒடுங்கியிருப்பார்களேயானால் இத்தீர்ப்பு வந்திருக்குமா? கோயிலிலே முறையிட்டு மட்டும் இருந்திருந்தால் 215 பேரும் கூண்டிலே நின்றிருப்பார்களா? எழுத்தறியாத அத்தாய்மார் நீதிமன்றத்திலே நிமிர்ந்து நின்று, "இவன்தான்" என்று விரல் நீட்டிக் காட்டினர். சீருடை கண்டு அஞ்சாத அந்த விரலே அரசியல் சட்டத்திற்கு உயிர் தந்த விரல்! அவர்களுக்குத் தோள் கொடுக்கச் சங்கம் இருந்தது; வாதாட வழக்கறிஞர் இருந்தனர்; உண்மையை மறைக்க மறுத்த அதிகாரி ஒருவர் இருந்தார்.

மலையூர்ப் பள்ளிகளிலே எழுத்துச் சொல்லித்தரும் நம்மைப் போன்றோர் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அசோகன் நட்ட மரங்களைச் சொல்லித்தருகிறோம். அக்பர் ஆண்ட ஆண்டுகளைச் சொல்லித்தருகிறோம். கதவைத் தட்டும் அதிகாரியிடம் "ஆணை எங்கே?" என்று கேட்கலாம் என்பதனையும், பிடித்துச் சென்றால் 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும் என்பதனையும் எந்த வகுப்பிலே சொல்லித்தருகிறோம்?

இளைஞர்களே! அமெரிக்காவின் பத்துத் திருத்தங்களைப் படியுங்கள். நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் பகுதியையும் படியுங்கள். படித்ததை மலையேறிச் சென்று, எழுத்தறியாத முதியவருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். உரிமையை அறியாதவன் வீட்டிற்குக் கதவு இருந்தும் தாழ்ப்பாள் இல்லை. அந்தத் தாழ்ப்பாளைப் பூட்டித் தருவதே நம் பணி.