சுண்டிப் பார்க்க முடியாத வெள்ளி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள் பணத்தை ‘வெள்ளி’ என்று சொல்வது தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். கடைக்காரர் ஐந்து வெள்ளி கேட்டால் ஒரு கணம் விழிப்பார்கள். ஆனால் இந்தச் சொல்லுக்குக் காரணம் உண்டு. நம் தாத்தாக்கள் இங்கே கூலியாக வாங்கிய பணம் உண்மையிலேயே வெள்ளிதான். உள்ளங்கையை நிரப்பும் அகலம், கிட்டத்தட்ட 27 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சுத்த வெள்ளி. அத்தகைய ஒரு நாணயம் இருந்தால்தான் அது ஒரு வெள்ளி.

அந்தப் பழைய வெள்ளிகள் இன்று இணைய ஏலத் தளங்களில் நாள்தோறும் விலைக்கு வருகின்றன. ஓய்வு பெற்ற ஒருவர், அப்பாவின் பெட்டியில் பார்த்த நாணயம் போலவே ஒன்று திரையில் தெரிகிறது என்று ஆசையோடு ஏலம் கேட்கிறார். ஒன்று வாங்கியவர் பத்து வாங்குகிறார். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி இப்படிப் போகிறது. வந்து சேரும் பத்தில் எத்தனை வெள்ளி, எத்தனை வெறும் உலோகம் என்பது அவருக்குத் தெரியாது. இது புதிய சிக்கல் போலத் தோன்றினாலும் இதன் வேர் மிகப் பழையது.

19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகங்களில் ஓடியவை முதலில் ஸ்பானிய வெள்ளி, பிறகு மெக்சிகோ வெள்ளி. ஸ்பானிய நாணயத்தின் விளிம்பில் இருந்த பல் போன்ற வெட்டுகளைப் பார்த்துத்தான் மலாய்க்காரர்கள் அதை ‘ரிங்கிட்’ என்று அழைத்தார்கள். மெக்சிகோ நாணயம் போதிய அளவு கிடைக்காமல் போகவே, 1895இல் பிரிட்டிஷ் அரசு கீழைநாட்டு வணிகத்துக்கென்றே தனி வெள்ளி நாணயம் அடித்தது. ஒரு பக்கம் சூலாயுதமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா. மறுபக்கம் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் ‘ஒரு வெள்ளி’. பெரும்பாலானவை பம்பாய் நாணயச் சாலையில் உருவானவை. சூலத்தின் நடுமுனையில் நுணுக்கமாக ‘பி’ என்ற எழுத்து இருக்கும். எடை 26.95 கிராம், குறுக்களவு 39 மில்லிமீட்டர்.

1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று ஏழாம் எட்வர்ட் மன்னர் தலை பொறித்த சொந்த வெள்ளி வந்தது. பழைய மெக்சிகோ வெள்ளிகளையும் பிரிட்டிஷ் வெள்ளிகளையும் திரட்டிக் கப்பலேற்றி, பம்பாயில் உருக்கி, புதிய நாணயமாக அடித்துக் கொண்டுவந்தார்கள். 1906இல் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அந்த வேளையில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறிவிட்டதால் நாணயத்தை உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை உருவாயிற்று. ஆகவே 1907இல் நாணயம் இளைத்தது. எடை 20.21 கிராமாகக் குறைந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு 1919இல் அது மேலும் இளைத்து 16.85 கிராம் ஆனது. அதில் பாதிதான் வெள்ளி. இந்த மூன்று எடைகளும் வெறும் பழங்கதை அல்ல. 1904ஆம் ஆண்டு என்று பொறித்த நாணயம் 20 கிராம் இருந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். ஏலத்தில் வாங்குபவர்களில் பலர் அந்த எடையைக் கேட்பதே இல்லை.

அந்தக் காலத்து மனிதர்கள் கேட்டார்கள். கேட்டது மட்டுமல்ல, கையில் வாங்கிப் பார்த்தார்கள். வங்கிகளிலும் வணிக நிலையங்களிலும் நாணயம் பார்ப்பதற்கென்றே ‘சராப்பு’ என்ற பணியாளர் இருந்தார். ஆங்கிலேயர் ‘ஷ்ராஃப்’ என்று எழுதியது இவரைத்தான். விரலால் சுண்டி ஒலியைக் கேட்பார், எடை போடுவார், விளிம்பைத் தடவுவார். சீன வணிகர்கள் ஒருபடி மேலே போய், சோதித்த நாணயத்தில் தங்கள் முத்திரையை அடித்துவிடுவார்கள். மலாயில் அதற்குச் ‘சாப்’ என்று பெயர். பல கை மாறிய வெள்ளி அம்மை வார்த்த முகம் போலத் தழும்பேறிக் கிடக்கும். சேகரிப்பாளர்களில் சிலர் இந்தத் தழும்பைக் குறையாக நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு தழும்பும் ஒரு மனிதர் கொடுத்த சாட்சி. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நம் செட்டியார்கள் கொடுத்ததும் வாங்கியதும் இத்தகைய வெள்ளியில்தான்.

தமிழர்களுக்கு இந்தக் கலை கப்பலில் வந்து கற்றதல்ல. நாணயத்தின் தரம் பார்ப்பவருக்குச் சங்க காலத்திலேயே ‘வண்ணக்கன்’ என்று பெயர் இருந்தது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடும் அந்தத் தொழிற்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ‘அன்றாடு நற்காசு’ என்ற சொல் வருகிறது. அன்றைய நாளில் நல்ல காசாகச் செல்லுபடியாவது என்று பொருள். நல்ல காசு என்று தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், நல்லதல்லாத காசும் புழங்கியிருக்கிறது என்றுதானே ஆகிறது? நேர்மைக்கும் காசுக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

செலவழிக்க அடித்த கள்ளக் காசு ஒரு வகை. சேகரிப்பவரை ஏமாற்ற அடித்த போலி இன்னொரு வகை. இரண்டாவது வகை ஐரோப்பாவில் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் ஜியோவன்னி கவினோ என்பவர் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் நாணயங்களைப் போலவே அழகழகாகச் செய்தார். அவை கலைப்பொருளாகப் போற்றப்பட்டாலும் பலர் உண்மை என்று நம்பி வாங்கினார்கள். ஆனால் இந்தத் துறையில் பெரிய புள்ளி ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர்தான். 1772இல் பிறந்து 1830இல் இறந்தவர். ஆரம்பத்தில் அவரே ஒரு பிரபுவிடம் போலித் தங்க நாணயம் வாங்கி ஏமாந்தவர் என்றும், தெரியாத விஷயத்தில் தலையிட்டால் இப்படித்தான் என்று அந்தப் பிரபு கைவிரித்தார் என்றும், அந்த அவமானமே அவரை இத்தொழிலுக்குத் தள்ளியது என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது.

பெக்கர் நூற்றுக்கணக்கான அச்சுகளைத் தம் கையாலேயே செதுக்கினார். புதிதாக அடித்த நாணயம் பளபளக்குமே, அதற்கு என்ன செய்வது? இரும்புத் துருவலும் எண்ணெய்ப் பசையும் நிறைந்த பெட்டியில் நாணயங்களைப் போட்டு, குதிரை வண்டியின் அடியில் கட்டிவிட்டு ஊரைச் சுற்றி வருவார். வண்டி குலுங்கக் குலுங்க நாணயம் தேயும். தம்முடைய முதியவர்களை உலா அழைத்துச் செல்வதாக அவர் வேடிக்கையாகக் குறித்துக்கொள்வாராம். அரச குடும்பத்தினரும் அருங்காட்சியகங்களும் அவரிடம் ஏமாந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கினார்கள்.

கையில் எடுத்துப் பார்க்காமலே வாங்கும் காலம் 1995இல் பிறந்தது. அமெரிக்காவில் பியேர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய சிறிய ஏலத் தளம் பின்னர் ‘ஈபே’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. ‘ஏலம்’ என்ற தமிழ்ச் சொல்லும் ‘லெலோங்’ என்ற மலாய்ச் சொல்லும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்த உடன்பிறப்புகள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பழைய ஏலத்தில் பொருள் மேசை மேல் இருந்தது, ஏலம் கூறுபவரின் முகம் தெரிந்தது, எதிர்த்துக் கேட்பவர் யார் என்பதும் தெரிந்தது. புதிய ஏலத்தில் ஒரு புகைப்படமும் ஒரு புனைபெயரும்தான் உண்டு. சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. திருடர் சந்தை என்று பெயர் வாங்கிய அந்த இடத்தில்கூட வாங்குபவர் குனிந்து, எடுத்து, சுண்டிப் பார்க்க முடிந்தது.

புகைப்படத்துக்கு ஒலி கிடையாது. எடை கிடையாது. அது அந்த நாணயத்தின் படம்தானா என்பதற்கும் உறுதி கிடையாது. வேறொருவரின் நல்ல நாணயப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றை அனுப்பிய விற்பனையாளர்கள் உண்டு.

சீனாவில் செய்யப்படும் நகல் நாணயங்கள்தான் இந்தச் சந்தையைப் பெரிதும் கெடுத்தவை. பிரிட்டிஷ் வணிக வெள்ளியும் அமெரிக்க வணிக வெள்ளியும் அவர்களுக்கு மிகவும் பிடித்தமானவை. அமெரிக்க வணிக வெள்ளி முதன்முதலில் அச்சானது 1873இல். ஆனால் 1872 என்று பொறித்தவையும் விலைக்கு வருகின்றன! அமெரிக்காவில் 1973இல் வந்த ஒரு சட்டப்படி, நகல் நாணயத்தில் ‘நகல்’ என்ற முத்திரை இருந்தே ஆக வேண்டும். அந்த முத்திரை இல்லாதவையும் தபாலில் வந்து குவிந்தன. ஈபே நிறுவனம் 2012இல் நகல் நாணயங்களைப் பட்டியலிடுவதற்கே தடை விதித்தது. நகல் என்று உண்மையைச் சொல்லி விற்பவரை அந்தத் தடை நிறுத்தும். அசல் என்று பொய் சொல்லி விற்பவர் அதைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்?

இந்தப் போலிகளைக் காட்டிக்கொடுப்பது பழைய சராப்பின் வித்தைதான். நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி கலந்த உலோகம் தண்ணீரைவிட ஏறத்தாழ 10.3 மடங்கு கனம். செம்பும் நிக்கலும் கலந்தது 8.9 மடங்குதான். ஆகவே அதே அகலத்திலும் அதே தடிப்பிலும் செம்பு நிக்கலில் அடித்தால் 26.95 கிராம் வராது, 23 கிராம் சொச்சம்தான் வரும். எடையைச் சரிக்கட்டத் தடிப்பைக் கூட்டினால் விளிம்பை அளக்கும்போது மாட்டிக்கொள்ளும். நல்ல நாணயத்தை நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினால் எடையில் ஏறக்குறைய 2.6 கிராம் குறைய வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் வேறு சோதனையே தேவையில்லை, வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. இவை எதற்கும் பெரிய செலவில்லை. சிக்கல் என்னவென்றால், பணம் கட்டிய பிறகுதான் இவற்றைச் செய்ய முடிகிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் தரச் சான்று நிறுவனங்கள் வந்தன. அமெரிக்காவில் பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கின. நாணயத்தைச் சோதித்து, தரத்துக்கு எண் கொடுத்து, பிளாஸ்டிக் பேழையில் வைத்து மூடி முத்திரையிடுவார்கள். சீன வணிகர் அடித்த ‘சாப்’ முத்திரையின் புதிய வடிவம் இது எனலாம். முன்பின் தெரியாதவர்கள் நம்பிக்கையோடு வாங்க இது பெரிதும் உதவியது. ஆனால் 2008 வாக்கில் பேழையையே போலியாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பேழையிலுள்ள எண்ணை நிறுவனத்தின் இணையத் தளத்தில் தட்டிப் பார்த்தால் விவரம் வரும். அது மட்டும் போதாது. உண்மையான நாணயம் ஒன்றின் எண்ணையே திருடிப் போலிப் பேழையில் அச்சிடுகிறார்கள். எண்ணோடு நிறுவனம் வெளியிட்டுள்ள படமும் இருந்தால், அதைக் கையிலுள்ள நாணயத்தின் ஒவ்வொரு கீறலோடும் ஒப்பிட வேண்டும்.

உண்மையான நாணயத்தைத் திருத்தி அரியதாக்குவதும் உண்டு. போர்க்காலத்தில் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தை எஃகில் அடித்துத் துத்தநாக முலாம் பூசியது. தவறிப்போய் ஒரு சில மட்டும் செம்புக் கலவையில் அடிபட்டுவிட்டன. அவற்றுக்குப் பெரும் விலை உண்டு என்று தெரிந்ததும் எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசுபவர்கள் கிளம்பினார்கள். அதைக் காந்தம் பிடித்துவிடும் என்பதால், 1948ஆம் ஆண்டு நாணயத்தில் எட்டின் பாதியைச் சுரண்டி மூன்றாக்கினார்கள். அதைக் காந்தம் பிடிக்காது.

பொருள் நல்லதாக இருந்தாலும் விலை பொய்யாக இருக்கலாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் ஓர் ஓவியம் 25 சென்டில் ஏலம் தொடங்கி 1,35,805 அமெரிக்க டாலரில் முடிந்தது. புகழ்பெற்ற ஓவியரின் படைப்பாக இருக்கலாம் என்று வாங்குபவர்களே ஊகிக்கும்படி விவரம் எழுதப்பட்டிருந்தது. விற்றவரே வேறு பெயரில் ஏலம் கேட்டது தெரிந்து விற்பனை ரத்தானது. துப்புத் துலக்கியபோது, சில கூட்டாளிகள் பல புனைபெயர்களில் ஒருவர் பொருளுக்கு ஒருவர் விலை ஏற்றி வந்தது அம்பலமாகி வழக்கு நீதிமன்றம் சென்றது. அது ஓவியம். நாணய ஏலத்திலும் அதே தந்திரம் அப்படியே செல்லும். கடைசி ஐந்து நிமிடத்தில் தம்மோடு போட்டி போடுவது இன்னொரு சேகரிப்பாளரா, விற்பவரின் மைத்துனரா என்று திரையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இவ்வளவுக்கும் நடுவே நல்ல விற்பனையாளர்கள் இணையத்தில் நிறையவே இருக்கிறார்கள். எடையையும் குறுக்களவையும் கேட்டவுடன் எழுதி அனுப்புவார்கள், விளிம்பைத் தனியாகப் படமெடுத்துக் காட்டுவார்கள், பிடிக்காவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். தளத்துக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பினால் விலை குறைத்துத் தருகிறேன் என்று சொல்பவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். அப்படி அனுப்பிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. பல தளங்களில் முறையிடுவதற்கும் நாள் கெடு உண்டு. வாங்கியதை ஆசையோடு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு அடுத்த தீபாவளிக்கு எடுத்துப் பார்ப்பவர் அந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்.

பெரும்பாலும் பெட்டியைத் திறப்பது அவர்கூட அல்ல, அவருடைய பிள்ளைகள். அப்பா காலமான பிறகு, அவர் விட்டுச் சென்ற பத்து வெள்ளிகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நாணயக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கிறார். முதலாவது 26.9 கிராம். அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கிறார். இரண்டாவது 22.4. மூன்றாவது 21.8. நான்காவதைத் தராசில் வைப்பதற்கு முன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுக்கிறார்.