கழற்றிப் பூட்டிய மின்கிதார்

மின்கிதாருக்குக் குரல் கொடுப்பது கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப். காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடி அளவே தடிமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றிய சுருள் அது. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். வால்யூம், டோன் கன்ட்ரோல்களைத் தாண்டி ஜாக் வழியாக அது ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சேரும். இந்தப் பாதையில் எந்தப் பாகத்தையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயனும் வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம். வாங்கி வந்த கிதாரைப் பிரித்து, ஒயரை மாற்றி, திரும்பப் பூட்டும் பழக்கம் அந்தக் கருவியின் வயதுக்குச் சமமானது. மதுரை வட்டாரத்தில் அந்தப் பழக்கத்தைத் தீர்மானித்தவை இரண்டு: இங்குள்ள மேடையின் மின்சாரம், இங்குள்ள இசையில் சுரங்களை வளைத்து இழுக்கும் கமகம்.

விற்பனைக்கு வந்த முதல் மின்கிதார் மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகை. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் 1931-இல் மாதிரியை உருவாக்க, ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1932-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1936-இல் கிப்சனின் இ.எஸ்.-150 வந்தது. 1950-இல் ஃபெண்டர் வெளியிட்ட, அடுத்த ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிதாருக்கு ஒலிப்பெட்டியே கிடையாது. கட்டையான உடல், திருகால் பூட்டிய கழுத்து, இரண்டே திருகுகளைக் கழற்றினால் கையோடு வரும் கன்ட்ரோல் தகடு. பழுது பார்க்கவும் மாற்றிப் பார்க்கவும் வசதியான கருவி. வாங்கியவர்கள் செய்த மாற்றங்களைத் தொழிற்சாலையே பின்னால் ஏற்றுக்கொண்டதும் உண்டு. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் மூன்று நிலை ஸ்விட்சோடு வந்தது. வாசிப்பவர்களோ ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளை ஒன்றாகப் பேசவைத்தார்கள். ஐந்து நிலை ஸ்விட்ச் தொழிற்சாலையிலிருந்தே வருவதற்கு 1977 ஆயிற்று.

இந்தியாவிலும் ஹவாய் கிதார்தான் முந்திக்கொண்டது. ஹவாய் இசைக்கலைஞர் டாவ் மோ கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். பம்பாயில் வான் ஷிப்லி மின்கிதாரில் திரைப்பாடல்களை வாசித்துப் புகழ் பெற்றார். தனக்கு வேண்டிய கருவியை வடிவமைத்தும் கொண்டார். வெளிநாட்டுக் கிதார் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் சிக்கியிருந்த காலம் அது. நாடு முழுக்கப் பெரும்பாலோர் கையில் இருந்தவை கிவ்சன் முதலான கல்கத்தாத் தயாரிப்புகள்.

மதுரைச் சமவெளியில் கிதாரைப் பரப்பியவை கிறிஸ்தவ ஆலயப் பாடகர் குழுக்களும் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளும். இந்த மண்ணுக்கும் கிதாருக்கும் உள்ள உறவில் பெரிய பெயர் இளையராஜா. 1996-இல் தேனி மாவட்டம் பிரியும்வரை அவருடைய பண்ணைப்புரம் மதுரை மாவட்டத்து ஊர். அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் வாசித்துப் பழகியவர், சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார்; லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் வென்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன்பின் அவர் பாடல்களில் லீட் கிதாருக்கும் பேஸ் கிதாருக்கும் கிடைத்த இடம், கிதார் இல்லாத மெல்லிசைக் குழுவைக் கற்பனை செய்ய முடியாதபடி ஆக்கியது.

மேடைக்கு வந்த கிதாருக்கு முதல் எதிரி இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வை வாங்குவதோடு சுற்றுப்புறத்து மின்காந்த அலையையும் வாங்கும். திருவிழா மேடையில் அதற்குக் குறைவே இல்லை: தலைக்கு மேல் சோக் போட்ட டியூப் லைட்டுகள், பக்கத்தில் சீரியல் செட், பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர். நம் மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகள் அடிப்பதால் அந்த எண்ணிலும் அதன் மடங்குகளிலும் 'ம்ம்ம்' என்ற ஓசை குழாய் ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமை கேட்ட ஹம்பக்கர் இதற்கு முறையான மருந்து. எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களில் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் கம்பியின் ஒலி மட்டும் கூடும். அது கைக்கு எட்டாதபோது செய்யக்கூடியது ஷீல்டிங். கன்ட்ரோல்கள் உட்காரும் பள்ளத்தின் உட்புறம் முழுவதும் செம்புத் தகடு ஒட்டி, தகட்டை எர்த்தோடு சேர்த்து, உள்ளே ஓடும் சாதா ஒயரை ஷீல்டு ஒயராக மாற்றுவது. சமையலறை அலுமினியத் தாளும் இரைச்சலைத் தடுக்கும், ஆனால் அதில் ஈயம் பிடிக்காது.

இந்த வேலைக்குக் கிதார் கடையைத் தேட வேண்டியதில்லை. ரேடியோ மெக்கானிக்கிடம் ஈயம், பேஸ்ட், மல்டிமீட்டர், கண்டன்சர் எல்லாம் இருக்கும். வால்வு ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் பெரும்பாலும் 500 கிலோ ஓம் அல்லது 1 மெகா ஓம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு வழக்கமாகப் போடுவது 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. எனவே பழைய வால்வு செட்டிலிருந்து கழற்றிய கன்ட்ரோலே கிதாருக்குப் பொருந்திவிடும். டிரான்சிஸ்டர் செட்டில் இருப்பதோ 5, 10 கிலோ ஓம். அதை எடுத்துப் பூட்டினால் பிக்கப்பின் சிறிய மின்னழுத்தத்தில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். சத்தம் குறையும், கூர்மை மழுங்கும். டோன் கன்ட்ரோலில் தொங்கும் கண்டன்சரின் மதிப்பு 0.022 முதல் 0.047 மைக்ரோஃபாரட் வரை. இது எந்த ரேடியோ கடையிலும் சில்லறைச் சாமான்.

விலை குறைந்த கிதாரில் முதலில் போவது ஜாக். ஒவ்வொரு கச்சேரியிலும் கேபிளைச் செருகிப் பிடுங்குவதில் உள்ளிருக்கும் நாக்குத் தகடு தளரும். நட்டு லூசாகி ஜாக் முழுதும் சுற்றினால், பின்னால் பற்றவைத்த ஒயர் முறுகி அறும். பாட்டின் நடுவே கிதார் கரகரத்து மௌனமானால் சந்தேகம் போக வேண்டிய இடம் இதுதான். அடுத்தது டிரை சோல்டர். பார்வைக்கு ஒட்டியிருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. சரியாகப் பற்றிய ஈயம் பளபளக்கும், பற்றாதது மங்கிய உருண்டையாக நிற்கும்.

இரைச்சலைவிடக் கடுமையான விஷயம் ஷாக். கிதாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த் ஒயரில் சேர்ந்து, கேபிள் மூலம் ஆம்ப்ளிஃபையரின் உடலோடு இணைந்தவை. அந்த ஆம்ப்ளிஃபையர் இரண்டு பின் பிளக்கில் ஓடி, உள்ளே கசிவும் இருந்தால், 230 வோல்ட் கம்பிவரை வந்துவிடும். மைக் இன்னொரு ஆம்ப்ளிஃபையரில் இருக்கும். அதற்கு எர்த் இருக்கலாம். கிதாரைப் பிடித்தபடியே பாடுகிறவரின் உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் அவர் உடல் வழியாகப் பாயும். ஆகவே ஒயர் மாற்றும்போது பிரிட்ஜுக்குப் போகும் எர்த்தில் தகுந்த வோல்ட் தாங்கும் சிறு கண்டன்சரை இடைச்செருகுவது ஒரு முறை. அது பாயும் மின்சாரத்தைக் குறைக்கும். அது இருக்கிறது என்று நம்பி எர்த் இல்லாமல் வாசிப்பது முட்டாள்தனம். கிதார் ஆம்ப்ளிஃபையரும் மைக் செட்டும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் பாதுகாப்பு.

ஒயர் வேலை மேடைக்காக. கழுத்து வேலை கமகத்துக்காக. வீணையின் 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகின் மேல் உயர்ந்து நிற்பவை. விரல் மரத்தைத் தொடாமலே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல சுரங்களைக் காட்டலாம். கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் கம்பியை ஒட்டிக் கிடப்பதால் இழுக்கும் விரல் அதில் உராயும். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகத் தோண்டிவிட்டால் கிதார் வீணையை நெருங்கும். இந்த மாற்றத்தை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜான் மெக்லாக்லின். அவர் வீணை கற்றது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், டாக்டர் எஸ். ராமநாதனிடம். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த அதே ராமநாதன்தான்; மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகவும் இருந்தவர். கிப்சனுக்காக ஏப்ரஹாம் வெக்டர் மெக்லாக்லினுக்குச் செய்து கொடுத்த 'சக்தி' கிதாரில் குழித்த கழுத்தும், குறுக்கே ஓடும் ஏழு அனுநாதக் கம்பிகளும் இருந்தன. அது ஒலிப்பெட்டி உள்ள கிதார்; பின்னாளில் மின்கிதாரிலும் மெக்லாக்லின் குழித்த கழுத்தை வைத்துக்கொண்டார். அவருடைய சக்தி குழுவின் 1976-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் மிருதங்கம் ராமநாதபுரத்து ராகவன், கடம் விநாயக்ராம். வெளிநாட்டில் நடந்த மாற்றம்தான் என்றாலும் அதற்குப் பாடம் சொன்னது வைகைக்கும் காவிரிக்கும் உரிய இசை.

தமிழ்நாட்டில் இதே கணக்கை வேறு வழியில் போட்டவர் யூ. ஸ்ரீநிவாஸ். ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள். ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாது, சுருதி பிசகும். நாதமும் சட்டென்று அடங்கும். அவர் ஜோடியைக் கழித்து ஒற்றைக் கம்பிகளாக்கி, கட்டையான உடலும் பிக்கப்பும் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறி, ஐந்து கம்பிகளில் நிலைகொண்டார். ஒரு முறை மீட்டியதும் நாதம் நீண்டு நிற்பதால் சவுக்க காலக் கீர்த்தனைகூட அதில் வாசிக்கக்கூடியதாயிற்று. 1980-களில் சென்னைச் சபாக்களில் சுகுமார் பிரசாத் மின்கிதாரில் கர்நாடக இசை வாசித்தார். அவருக்குப் பின் ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா அந்தப் பாதையில் நடந்தார்.

2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் விலகியபின் சீனத்திலும் இந்தோனேசியாவிலும் செய்த மின்கிதார்கள் மதுரைக் கடைகளுக்குத் தாராளமாக வந்தன. கழுத்தும் உடலும் ஒழுங்காக இருக்கும்; செலவைக் குறைத்திருப்பது பெரும்பாலும் மூடிக்குள்ளேதான், சிறிய கன்ட்ரோல்களிலும் மெல்லிய ஒயரிலும் ஜாக்கிலும். எனவே இன்றும் வேலை அதே வரிசையில்தான் நடக்கிறது: பிரிப்பதற்கு முன் பழைய இணைப்பைப் படம் எடுப்பது, ஜாக்கை மாற்றுவது, 250 அல்லது 500 கன்ட்ரோல் போடுவது, செம்புத் தகடு ஒட்டுவது, பணம் மிஞ்சினால் பிக்கப். மூடியைப் பூட்டுமுன் ஆம்ப்ளிஃபையரில் செருகி, ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெதுவாகத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்க வேண்டும். கேட்காத பிக்கப்பின் ஒயரை மறுபடி பார்க்க வேண்டும்.