முன்கையில் ஒரு தடிப்பு

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால், கூடவே இருப்பவர்களையும் சோதிக்க வேண்டும் என்பது இன்றைய முறை. இருமல் இல்லாதவருக்கும் முன்கையில் போடும் அந்தச் சின்ன ஊசி, மேன்டோ டெஸ்ட், ஒரு தோற்றுப்போன மருந்திலிருந்து பிறந்தது.

1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், 1890-ல் அதற்கு மருந்தும் கிடைத்துவிட்டதாக அறிவித்தார். டியூபர்குலின் என்று பெயர். அதில் என்ன இருக்கிறது என்பதை முதலில் மறைத்தார். கிருமியை வளர்த்தெடுத்த கிளிசரின் சாறுதான் அது. நோயாளிகளும் டாக்டர்களும் பெர்லினுக்கு ஓடினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலும் போனார். அவரும் டாக்டர்தானே, சந்தேகத்தோடு திரும்பினார். நோய் தீரவில்லை, சிலர் இறந்தும் போனார்கள். ஆனால் கிருமி புகுந்த உடம்பில் மட்டும் அந்தச் சாறு காய்ச்சலைக் கிளப்பியது.

அதைப் பிடித்துக்கொண்டவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்கே. 1907-ல் தோலைக் கீறி டியூபர்குலினைத் தடவிப் பார்த்தார். நோயே தெரியாத பிள்ளைகள் பலருக்கும் கீறிய இடம் தடித்தது. மறு வருடம் பிரான்சின் மேன்டோ அதைத் தோலுக்குள் போடும் ஊசியாக்கினார்.

கிருமியை முன்பே சந்தித்த டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் ஊசி போட்ட இடத்துக்குத் திரண்டு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் 48 மணி நேரம் கழித்து அளக்கிறார்கள். சிவப்பு கணக்கில் இல்லை. விரலால் தடவினால் தட்டுப்படும் கெட்டித் தடிப்புதான் கணக்கு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய பிசிஜி காசநோய்த் தடுப்பூசி ஆய்வில் இருவகை டியூபர்குலின் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று காசநோய்க் கிருமியுடையது, மற்றது அதன் பங்காளிக் கிருமி ஒன்றுடையது. இரண்டாவதற்கும் ஏராளமானோருக்குத் தடித்தது. மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள அந்தப் பங்காளிகளோடு நம் ஆட்களுக்குப் பழக்கம் அதிகம். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தபோது, பலர் இந்தப் பழக்கத்தையே காரணமாகக் காட்டினார்கள். அது மட்டுமா காரணம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பிசிஜி போட்டவருக்கும் மேன்டோ தடிக்கலாம். அந்தக் குழப்பம் நீங்க, பிசிஜி கிருமியில் இல்லாத இரண்டு புரதங்களை மட்டும் வைத்து சை-டிபி என்ற ஊசியை புனே சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. ஆனால் தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். அவர்கள் யார் என்று எந்தத் தடிப்பும் காட்டாது. அதனால் நோய் இல்லை என்று உறுதியான பிறகும், தடித்தவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள்.